நெடுங்கரைப் படுகை

அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுக்குறீங்களா சார்? தப்பா நெனைக்காதீங்க, காத்துக்காகக் கேக்கல. கல்லக்குடி தாண்டுனதும் ரோட்டோரம் வெட்டுன கரை ஒண்ணு வரும். அதப் பாக்காம இந்த ரூட்டுல என்னால ஒழுங்கா உக்கார முடியாது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். ரொம்ப தேங்க்ஸ். மணி என்ன ஆகுது உங்களுக்கு? ஒம்பதேகாலா? என்னோடது ஒம்பது இருபது காட்டுது. பதினோரு மணிக்கு நான் அரியலூர்ல ஒரு ஆபீஸ்ல இருக்கணும். போயிடுவோம்ல? இந்த டிரைவர் லால்குடியிலயே டீ குடிக்க எறங்கிட்டான் பாருங்க.

என் பேரு சண்முகவடிவேல். காலேஜ்ல ஜியாலஜி வாத்தியாரா இருந்தேன். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. இப்பவும் கிணறு வெட்டணும், போர் போடணும்னா என்னயத்தான் கூப்புடுவாங்க. தண்ணி பாக்குறேன்னு தேங்காய உள்ளங்கையில வெச்சுக்கிட்டு நடக்குற ஆளு இல்ல நான். பாறையப் படிக்கிற ஆளு. ஒரு பொம்பளயால என் பேரு கெட்டுப்போச்சு சார். அதுக்குத்தான் இன்னிக்கு விசாரணை. கெட்டுப்போச்சுன்னு சொல்லக்கூடாது, கெடப் பாத்துச்சு. நான் விடல.

உங்களுக்கு இது புரியணும்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடல். கத இல்ல சார், நெசம். கடல் உள்ள வரும், பின்னால போகும், மறுபடி வரும். வந்தப்ப சேத்தையும் சிப்பியையும் போட்டுச்சு, போனப்ப மணலப் போட்டுச்சு. எல்லாம் அடுக்கடுக்கா இறுகிக் கல்லாயிடுச்சு. கீழ இருக்கறது மூத்தது, மேல இருக்கறது இளையது. ஒவ்வொரு அடுக்குக்கும் பேரு உண்டு. எந்த ஊருல அது நல்லாத் தெரியுதோ அந்த ஊரு பேர வெப்போம். காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, இதெல்லாம் உங்களுக்கு பஸ் ஸ்டாப்பு. எங்களுக்குப் பாறை. லண்டன்ல உக்காந்து ஒருத்தன் காரைன்னு எழுதுவான் சார். அவன் காரையப் பாத்திருக்கவே மாட்டான்.

பேரு வெக்கிறதுகூட பெரிசில்ல. பொருத்துறதுதான் வேலை. இந்தக் கிணத்துல அம்பது அடியில ஒரு மணல் பாறை இருக்கு, ஒரு மைல் தள்ளி இன்னொரு கிணத்துலயும் மணல் பாறை இருக்கு. ரெண்டும் ஒண்ணா? பாத்தா ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். ஆனா கலர நம்பக்கூடாது. ஒரே கலர் சட்டை போட்டவனெல்லாம் பங்காளியாயிடுவானா? மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு, எந்த வரிசையில இருக்கு, உள்ள என்ன சிப்பி, என்ன நத்தைக்கல், அதப் பாக்கணும். அந்த உசுருங்க கொஞ்ச காலந்தான் இருந்துச்சு, அப்புறம் இல்லாமப் போச்சு. அதனால ரெண்டு எடத்துலயும் ஒரே ஜாதிச் சிப்பி கெடந்தா ரெண்டும் ஒரே காலம். வருஷா வருஷம் மொத கிளாஸ்ல பசங்களுக்கு நான் சொல்றது இதான். கண்ணுக்கு அழகா இருக்கறத மொதல்ல சந்தேகப்படு. சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப்போச்சு.

இந்த ஜன்னல் ஏறவே மாட்டேங்குது. சரி, இருக்கட்டும்.

செல்லக்கிளின்னு ஒரு பொம்பள. கீழப்பழுவூர் பக்கம் நெடுங்கரைதான் சொந்த ஊரு. வயசு முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். பிளஸ் டூ படிச்சவ. பதினோரு வருஷமா என்கிட்ட வேலை. போர் போடுற எடத்துல நின்னு, பத்தடிக்கு ஒருதரம் வெளிய வர்ற தூள சல்லடையில புடிச்சு, அலசி, பையில போட்டு நம்பர் எழுதுறது அவ பொறுப்பு. கெட்டிக்காரி, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். களிமண்ண முன்பல்லுல வெச்சுக் கடிப்பா. நறநறன்னா வண்டல் கலந்தது, வெண்ணெ மாதிரி இருந்தா சுத்தக் களி. நாங்க எல்லாருமே கடிக்கிறதுதான். ஆனா எம்.எஸ்சி. படிச்ச பசங்க மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கடிப்பானுங்க, இவ முறுக்கு திங்கிற மாதிரி கடிச்சுட்டு டக்குன்னு சொல்லுவா. எல்லாம் நான் கத்துக்குடுத்தது. நான் இல்லன்னா அவ களை எடுக்கப் போயிருப்பா. இத அவகிட்டயே சொல்லியிருக்கேன்.

பையில நம்பர் போடுறதுக்கு என்கிட்ட ஒரு முறை உண்டு. வேற யாருகிட்டயும் பாக்க முடியாது. மொத விஷயம், பையில ஆழம் எழுதக்கூடாது. எழுதுனா கண்ணு கல்லப் பாக்காம அந்த எழுத்தத்தான் பாக்கும். வெறும் நம்பர் போதும். ரெண்டாவது, போரு முடிஞ்சதும் எல்லாப் பையையும் வரிசையா வெச்சு, அடியில இருந்து நம்பர் போடணும். ஆகக் கீழ வந்தது ஒண்ணு. ஏன்னா அதுதான் மொதல்ல படிஞ்சது. வீடு கட்டுறவன் அஸ்திவாரத்துல இருந்துதானே ஆரம்பிப்பான்? போர் மிஷின் ஓட்டுற ரிக்காரனுங்க நேர் தலைகீழா, மேல வந்தத ஒண்ணும்பானுங்க. அவனுங்களுக்கு என்ன தெரியும். பதினோரு வருஷம் அவளும் என் முறைப்படிதான் போட்டா. ஒரே ஒரு தடவ மாத்திப் போட்டா சார். மாத்திப் போட்டுட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அங்கதான் எல்லாம் கெட்டுச்சு.

நெடுங்கரையில மேற்குத் தெருவுல பழைய கிணறு ஒண்ணு இருக்கு. நல்ல தண்ணி. நாப்பத்தஞ்சு அடியில மணல் பாறை, எழுவது அடி வரைக்கும் போகும். அதுக்கு நேர் மேல பத்தடிக்குச் சிப்பிக் களிமண். கிழக்குத் தெருவுல தண்ணி கெடையாது. அறுவது வீடு, எல்லாரும் குடத்தத் தூக்கிக்கிட்டு மேற்கால வரணும். வந்தா முறை வெச்சுத்தான் விடுவாங்க, அதுல தெனம் ஒரு சண்டை. சரி, கிழக்கயும் ஒரு கிணறு வெட்டலாம், எத்தன அடியில தண்ணி வரும்னு சார் பாத்துச் சொல்லட்டும்னு சொல்லி ஒரு சோதனை போர் போட்டாங்க. இருநூத்தி நாப்பது அடி, இருபத்திநாலு பை. இந்த மாதிரி போருல சேறு கரைச்ச தண்ணி விட்டுத்தான் தோண்டுவாங்க, அதனால உள்ள தண்ணி இருந்தாலும் அப்ப தெரியாது. தோண்டிப் பாத்துட்டுக் குழிய மூடிட்டுப் போயிடுவாங்க. மிச்சம் அந்தப் பை மட்டுந்தான். அதப் படிக்கிறவன் சொல்றதுதான் கணக்கு.

அன்னிக்கு நான் எடத்துல இல்ல. ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பையெல்லாம் கார்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் காலையில பிரிச்சு வெச்சுப் பாத்தா, சார், அத எப்படிச் சொல்றது, கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தேன். பதினெட்டு, பத்தொம்பது, இருபது, மூணு பையிலயும் மணல் பாறை. என் முறைப்படி கீழ இருந்து எண்ணிப் பாத்தா நாப்பது அடியில ஆரம்பிச்சு எழுவதுல முடியுது. மேற்குக் கிணத்துல நாப்பத்தஞ்சுல எழுவது! ரெண்டையும் தாள்ல வரைஞ்சு கோடு இழுத்தேன். ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா வந்துச்சு. அப்படி ஒரு படம் இதுவரைக்கும் எனக்கு அமைஞ்சதே இல்ல.

அது மட்டும் இல்ல. பதினேழாம் பையில சிப்பிக் களிமண். என் கணக்குப்படி அது எழுவதுக்கும் எம்பதுக்கும் நடுவுல, மணல் பாறைக்குக் கீழ வருது. மேற்குல சிப்பி மேல, இங்க சிப்பி கீழ. அப்ப என்ன அர்த்தம்? இது வேற சிப்பி அடுக்கு. அந்த மணலு படியறதுக்கு முன்னாடியே கடல் ஒருதரம் வந்து போயிருக்கு. இதுவரைக்கும் எவனும் எழுதல. நூத்தம்பது வருஷமா வெள்ளக்காரன்ல இருந்து நம்மாளு வரைக்கும் நடந்து நடந்து பாத்த பூமி சார் இது. எவன் கண்ணுக்கும் படாதது என் கண்ணுக்குப் பட்டுச்சு. நான் அதுக்குப் பேரு வெச்சேன். நெடுங்கரைச் சிப்பிப் படுகை. பின்னால பிராக்கெட்டுல என் பேரு, வருஷம். முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வெச்ச பேரையே போர்டுல எழுதிப் போட்டவன் நான். என் பேருல ஒரு அடுக்கு இருக்குன்னா அது எப்படின்னு உங்களுக்குப் புரியாது. எனக்குப் புள்ள குட்டி கெடையாது. அத விடுங்க.

இந்தா, வந்துடுச்சு பாருங்க அந்தக் கரை. பாத்தீங்களா, வெள்ளைக்கு மேல மஞ்சக் கோடு, சாஞ்சு கெழக்கால எறங்குது? இந்தச் சீமையில அடுக்கெல்லாம் கெழக்கு நோக்கிச் சரியும். மேற்கால கைக்கு எட்டுனது கெழக்கால போகப்போக ஆழத்துக்குப் போயிடும். மொத வருஷப் பசங்களுக்கே தெரியும் இது.

ஆமா, நீங்க கேக்குறது புரியுது. அப்படின்னா நெடுங்கரையில கெழக்குத் தெருவுல மட்டும் எப்படி நேர்கோடா வந்துச்சுன்னு கேக்குறீங்க. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி சரியாது சார். அங்கங்க படுத்துக் கெடக்கும். நீங்க ஜியாலஜி படிச்சவரா? இல்லல்ல, விடுங்க.

அவளும் இதத்தான் கேட்டா. என் வீட்டுக்கே வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு படத்தையே பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "சிப்பிக் களி மணலுக்கு மேல இருக்கணும் சார், உங்க படத்துல கீழ இருக்கு"ன்னா. நான் கடல் வந்து போன கதையெல்லாம் பொறுமையாச் சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டே கேட்டுட்டு, "ஒண்ணாம் நம்பர் பையில புல்லு வேரு இருக்கே சார்"னா. இருநூத்தி நாப்பது அடியில புல்லு வேரான்னு கேக்காமக் கேக்குறா. மேல இருந்து உதுந்து விழுந்திருக்கும்மான்னேன். போருல அப்படி உதுறது சகஜம் சார், எந்தப் புஸ்தகத்துல வேணா பாருங்க. நான் அந்த வேர எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். மாதிரின்னா சுத்தமா இருக்கணும்ல?

அவ சொன்னத நான் ஏன் கேக்கணும்? கத்துக்குடுத்தவன் நானு. அப்புறம் நடந்த இன்னொரு கருத்தரங்குல நான் அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனப்ப எத்தன பேரு எந்திரிச்சு வந்து கை குடுத்தாங்க தெரியுமா?

எம்பது அடிக்குள்ள நிச்சயம் தண்ணின்னு எழுதிக் குடுத்தேன். ஊரே எறங்கி வெட்டுச்சு. வீட்டுக்கு ஒரு ஆளு, நாப்பத்திரெண்டு நாளு, சித்திரை வெயிலு. கிரேன் வாளியில மண்ணு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. அறுவது அடியில வெறும் கருங்களி. எழுவதுலயும் கருங்களி. நானே அந்த வாளியில நின்னுக்கிட்டு உள்ள எறங்கிப் பாத்தேன். ஈரம்கூட இல்ல. மணலும் இல்ல, சிப்பியும் இல்ல. இன்னும் பத்தடி வெட்டுங்கன்னேன். வெட்டுனாங்க. அதுக்கப்புறம் இன்னொரு பத்தடி. தொண்ணூறு அடியில செல்லக்கிளியோட அண்ணன் மருதை, அவன்தான் உள்ள எறங்கி வெட்டுறவன், மேல வந்து கடப்பாரைய எனக்கு முன்னால வெச்சான். சத்தம் போடல, திட்டல. "ஐயா, எங்களுக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க, இன்னும் எத்தன அடி?"ன்னு கேட்டான். போன் வந்த மாதிரி எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டுத் தள்ளிப் போயிட்டேன்.

சிப்பி கெடைக்கலைன்னா படுகை இல்லைன்னு ஆயிடாது சார். அடுக்கு எல்லா எடத்துலயும் ஒரே கனமா இருக்காது. அம்பதடி தள்ளுனா இருக்கலாம்.

அரியலூர் ஆபீஸ்ல அறிக்கை கேட்டாங்க. கிணறு பொய்த்ததுக்குக் காரணம் எழுதணும். எழுதுனேன். மாதிரி சேகரிச்ச உதவியாளர், பதினெட்டு, பத்தொம்பது, இருபது ஆகிய மூணு பைகளையும் ஒப்பிட்டுப் பாக்க மேற்குக் கிணத்துல எடுத்து வெச்சிருந்த பைகளோட கலந்துட்டாருன்னு எழுதுனேன். அந்த மூணு பை மட்டுந்தான். பதினேழாம் பையப் பத்தி ஒண்ணும் எழுதல. அது சரியாத்தான் இருக்கு. படுகை அதுலதானே இருக்கு.

எனக்குத் தெரியாது சார், சத்தியமாத் தெரியாது, அந்த நேரத்துல அவளுக்கு நிரந்தர வேலை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு. நிலத்தடி நீர் ஆய்வுக்கூடத்துல உதவியாளர். பரீட்சை எழுதி, நேர்காணல் போயி, பேரு வந்துடுச்சு. அப்ப என் அறிக்கை யாரு கையிலயோ போயிருக்கு. மாதிரியக் கலக்குற பொம்பளைய ஆய்வுக்கூடத்துல எப்படி வெக்கிறதுன்னு வேலை ஆணைய நிறுத்தி வெச்சுட்டாங்க. ஊருல வேற, நம்ம வீட்டுப் பொண்ணாலயே நம்ம கிணறு பாழாப் போச்சேன்னு ஆளாளுக்குப் பேச்சு. அவ மேற்குத் தெருவுக்குத் தண்ணிக்குப் போனா முறைய விட்டுக் கடைசியில நிக்க வெக்கிறாங்களாம். இதுக்கெல்லாம் நானா பொறுப்பு? வேற ஒண்ணும் சொல்லுறாளாம். அதே போர் எடத்துல நூத்தி எழுவது அடிக்கு மறுபடி போட்டுப் பாருங்க, மணல் பாறை இருக்கு, தண்ணி வரும்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறா. என் அறிக்கை இருக்கறப்ப எவன் போடுவான்? அந்த எடம் தேறாதுன்னு நான் எழுதியிருக்கேன்ல?

அந்த ஆணையக் குடுக்கறதா வேண்டாமான்னு இன்னிக்கு ரெண்டு பேரையும் எதிரெதிரா வெச்சுக் கேக்கப் போறாங்க. இன்னிக்கு நான் சொல்றதுதான் கடைசி. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலையில ரெண்டு இட்லி எறங்கல. திருச்சியில இந்த பஸ்ல ஏறுனதுல இருந்து உடம்பெல்லாம் ஊறல் எடுக்குது, ஒரு எடத்துல இருக்க முடியல. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே வர்றீங்க.

கீழப்பழுவூர் வருதுல்ல? கொஞ்சம் அந்தப் பேப்பரக் குடுங்க. மூஞ்சிய மறைச்சுக்கத்தான், அவ இங்க ஏறுனாலும் ஏறுவா. அவ ஊருக்கு இதான் ஸ்டாப்பு. ஆபீஸ் பக்கம் போனா பச்சைச் சேலைதான் கட்டுவா, அப்படி யாராவது நிக்கிறாங்களா பாருங்க. இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? சரி. முன்னாடி பஸ்ஸுல போயிருப்பா. எப்பவும் நேரத்துக்கு முன்னாடியே போற ஆளு அவ.

சொல்லவே இல்லன்னு சொன்னேன்ல. சரியாச் சொல்லணும்னா, ஒரு போன் பண்ணுனா. கருத்தரங்குல மதியச் சாப்பாட்டு நேரம், ஒரே எரைச்சல், பக்கத்துல பெரிய மனுஷங்க. ஏதோ சொன்னா, காதுல சரியா விழல.

இல்ல சார். விழுந்துச்சு.

உங்களுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. எறங்குனா மறுபடி பாக்கப் போறதில்ல. சொல்லிடுறேன். "சார், மழை வர்ற மாதிரி இருக்கு, ரிக்க அவசரமா எடுத்துட்டுப் போறாங்க, வரிசையா வெச்சுப் பாக்க நேரம் இல்ல. அதனால மேல இருந்து கீழ வந்தபடியே நம்பர் போட்டுட்டேன். ஒண்ணுதான் மேல் மண்ணு. நீங்க பையப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து மாத்திக் குடுத்துடுறேன்"னா. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுச்சு. நான், சரிம்மான்னேன். சரிம்மான்னு சொல்லிட்டுத்தான் போன வெச்சேன். மறுநாள் காலையில பையப் பிரிச்சப்ப ஞாபகம் இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, இருந்துச்சு. கோடு இழுத்துப் பாத்ததுக்கு அப்புறம் மறந்துடலாம்னு தோணுச்சு. வாசல்ல வந்து நின்னப்பகூட அவ, போன்லயே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. நானா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னா. எனக்கு அவ மேல வந்த கோவம் அதுலதான் சார்.

அப்பாடா. சொல்லிட்டேன். எட்டு மாசமா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டச் சொன்னதும் பாருங்க, உடம்பு ஊறல் நின்னுடுச்சு. பசிக்கக்கூடச் செய்யுது. விசாரணையில எங்கயாவது வாய் தவறி உளறிடுவேனோன்னுதான் எனக்கு இத்தன நேரமும் பயம். உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தா எப்படியாவது வெளிய வந்துடும் இல்லையா? இப்ப அந்தக் கவலை விட்டுச்சு. நிம்மதியாப் போயி, நிதானமா, பதினெட்டு பத்தொம்பது இருபது, அந்த மூணு பையையும் அவதான் கலந்துட்டான்னு சொல்லிட்டு வந்துடுவேன். படுகைக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ரொம்ப நன்றி சார்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? இன்னும் ஊரு வரலையே. முன்னாடியெல்லாம் சீட்டு இல்ல சார், நின்னுக்கிட்டேதான் போகணும். சார்...